உண்ணியும் காய்ச்சலும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

பசுவின் மடியை விடாது பற்றிக் கிடந்தும் பாலின் சுவையை அறியாத உண்ணியை, அறிஞர் அருகிருந்தும் அவர் பெருமையை உணராத பேதையர்க்கு உவமையாகக் கூறுவது தமிழர் வழக்கு. ஆயின், உண்ணியைப் பற்றிய விஞ்ஞான வரலாற்றைப் புரட்டுவோர் இவ்வுவமை தலைகீழாக நிற்கும் இடம் ஒன்றைக் காண்பர். ஐக்கிய அமெரிக்காவின் புல்வெளிகளில் மாடு சாய்த்துத் திரிந்த மேய்ப்பர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த ஓர் உண்மையைக் கற்றோர் எள்ளி நகையாடினர். அது மெய்யே என்பதை 1893ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கமே அச்சிட்டு வெளியிட நேர்ந்தது. மலேரியாவுக்கு நுளம்பே காரணம் என்ற கண்டுபிடிப்புக்கும், மஞ்சட் காய்ச்சலின் இரகசியம் வெளிப்பட்டதற்கும் வழிகோலியது இந்த மாட்டுண்ணி ஆராய்ச்சியேயாம். இருந்தும், ரொனால்ட் றொஸ் என்ற பெயரை அறிந்தாருள் தியோபால்ட் ஸ்மித் என்ற பெயரை அறிந்தார் மிகச் சிலரே.

உண்ணியைப் பூச்சி என்று கூறுவது உலக வழக்கேயன்றி விலங்கியலாரின் வழக்கன்று. பூச்சிகளுக்குக் கால்கள் ஆறு. வளர்ந்த உண்ணிக்கோ எட்டு. அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவுடையது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்களே உண்டு. அக்குஞ்சு புல்லின் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டியபடி, வெப்பக் குருதியுடைய பிராணி ஒன்று உராய்ந்து செல்லும்வரை காத்திருக்கும். வாரக்கணக்கிலும், சில இனங்களில் மாதக்கணக்கிலும், உணவின்றிக் காத்திருக்க வல்லது. பற்றிய பின்னரோ, வாயைத் தோலிற் புதைத்து, குருதியை நிறைய உண்டு பருத்தாலன்றி விடாது. உண்பது எதுவோ அது உண்ணி. முன்னோர் பொருத்தமாகவே பெயரிட்டனர்.

ரெக்சாஸ் காய்ச்சல் எனப் பெயர் பெற்ற மாட்டு நோய் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்க மக்களுக்கு அறிமுகமாயிற்று. 1796ஆம் ஆண்டில் தென் கரோலினாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குச் சாய்த்துவரப்பட்ட மாடுகள் தாம் நலமாயிருக்க, அவை தங்கிய இடத்து உள்ளூர் மாடுகள் மடிந்தன. ஆயினும் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பின்னரே இந்நோய் ஒரு தேசியப் பிரச்சினையாக உருவெடுத்தது. போர்க் காலத்தில் விற்பனையின்றிப் பெருகிக் கிடந்த ரெக்சாஸின் நீள்கொம்பு மாடுகளுக்கு வட மாநிலங்களில் நல்ல விலை இருந்தது. 1867இல் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் என்னும் சிற்றூர் புகையிரதப் பாதையோரச் சந்தையாக மாறியது. ஆயிரக்கணக்கான மாடுகள் பட்டி பட்டியாக வடக்கு நோக்கி நடந்தன. மறு ஆண்டுக் கோடையில் நீராவிக் கப்பல்கள் மூலம் மிசிசிப்பி ஆற்றின் வழியே இலினோய் மாநிலத்துக்கு வந்திறங்கிய ரெக்சாஸ் மாடுகள் அங்கும் இந்தியானாவிலும் பேரழிவை விளைத்தன. உள்ளூர்ப் பசுக்கள் தலை தாழ்ந்து, முதுகு கூனி, செந்நிறச் சிறுநீர் கழித்து, சில நாட்களிற் செத்து விழுந்தன. கன்சாஸ், மிசூரி மாநிலங்களின் குடியானவர்கள் துப்பாக்கி ஏந்தி எல்லையில் நின்று தென்னாட்டுப் பட்டிகளைத் தடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை; வீட்டுக் கறவைப் பசுவே பல குடும்பங்களின் முழுச் சொத்தாக இருந்தது.

நோயின் போக்கு பெரும் புதிராயிருந்தது. நோயைக் கொண்டுவரும் தென்னாட்டு மாடு நோயுறுவதில்லை. நோயுற்ற வட நாட்டு மாடோ தன் பக்கத்தில் நிற்கும் மாட்டுக்கு நோயைக் கொடுப்பதில்லை. தென்னாட்டுப் பட்டி கடந்துபோன பாதையில், அது போய்ச் சில வாரங்கள் கழித்து மேய்ந்த மாடுகள், அப்பட்டியைக் கண்ணாற் காணாமலே இறந்தன. பட்டி வந்த உடனே நோய் தோன்றுவதில்லை. ஏறக்குறைய ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ கழிந்த பின்னரே தோன்றும். உறைபனிக் காலத்தில் வந்த மாடுகளால் எத்தீங்கும் நேர்வதில்லை. இவற்றோடு இன்னொன்று: இனத்தைத் திருத்தும் நோக்குடன் வடக்கிலிருந்து தெற்கே கொண்டுசெல்லப்பட்ட உயர்சாதிக் காளைகளும் அங்கு இதே காய்ச்சலால் மாண்டன. தென்னாட்டு மாட்டின் மூச்சில் நஞ்சு உண்டு என்றனர் ஒரு சாரார். எச்சிலில் என்றனர் வேறொரு சாரார். சாணத்தால் புல் நஞ்சேறுகிறது என்பது மற்றொரு கட்சி. மேய்ப்பர்கள் மட்டும், தென்னாட்டு மாட்டின் தோலிற் கொத்துக் கொத்தாகத் தொங்கிய உண்ணிகளைச் சுட்டிக் காட்டினர். இறந்த வட நாட்டு மாடுகளிலும் அவ்வுண்ணிகளே காணப்பட்டன என்பது அவர்களின் எளிய நியாயம்.

1868இல் அரசாங்கத்தின் வேண்டுகோட்படி இந்நோயை ஆராய்ந்த ஜோன் கம்ஜி என்னும் ஆங்கில மிருக வைத்தியர், பிணங்களை அறுத்துச் சோதித்து நோயின் குறிகளை நுட்பமாகவே விவரித்தார். ஆயின் உண்ணிக் கொள்கையைச் சிந்தனையற்றோர் கூற்றெனத் தள்ளிவிட்டார். தென்னாட்டு மாடு சுமந்து வந்த அதே உண்ணி வட நாட்டு மாட்டில் ஏறுவதற்கு வழியில்லையே என்பது அக்காலத்தவரின் தடை. அத்தடை முற்றிலும் பொருளற்றதன்று. மாட்டுண்ணி ஒரு மாட்டைப் பற்றினால் தன் பருவங்களையெல்லாம் அம்மாட்டிலேயே கழித்து, பருத்து, நிலத்தில் விழுந்து, முட்டையிட்டு இறந்துவிடும்; ஒரு மாட்டை விட்டு மற்றொரு மாட்டுக்குப் போவதில்லை. அவ்வாறிருக்க, ஒன்றன் குருதியிலுள்ள நோய் மற்றொன்றுக்கு எவ்வாறு செல்லும்? இவ்வினாவிலேயே விடையும் அடங்கியிருந்தது. அதனைக் காண மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

1884இல் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் கால்நடைக் கைத்தொழிற் பணியகத்தை நிறுவி, டானியல் சல்மன் என்பவரை அதன் தலைவராக்கியது. அவர் நோயின் வட எல்லையை மாவட்டம் மாவட்டமாகத் தேசப்படத்திற் குறித்துவைத்தார். பணியகத்தில் அமர்ந்த தியோபால்ட் ஸ்மித், ஜெர்மனியிலிருந்து குடியேறிய எளிய குடும்பம் ஒன்றில் 1859இல் அல்பனி நகரிற் பிறந்தவர். வைத்தியப் பட்டம் பெற்றும் வைத்தியத் தொழிலை நாடாமல் நுணுக்குக்காட்டியைத் துணையாகக் கொண்டவர். ஐரோப்பிய ஆய்வுகூடங்களிற் பயிலும் வாய்ப்பின்றி, கொக்கின் முறைகளைப் படித்தும் செய்துபார்த்துமே கற்றுக்கொண்டவர். ஸ்மித் கண்ட பன்றிக் கிருமியின் இனத்துக்கு இன்றுவரை வழங்கும் ‘சல்மனெல்லா’ என்ற பெயர் தலைவரின் பெயரேயன்றிக் கண்டவரின் பெயரன்று. ஆராய்ச்சி உலகிலும் காணி உறுதி ஒருவர் பெயரிலும் உழைப்பு வேறொருவர் கையிலும் இருப்பதுண்டு போலும்.

1889ஆம் ஆண்டுக் கோடையில் வாஷிங்டன் நகரின் புறத்தேயுள்ள சோதனைப் பண்ணையில் ஸ்மித்தும் மிருக வைத்தியரான கில்போர்ணும் பரிசோதனையைத் தொடங்கினர். வட கரோலினாவிலிருந்து உண்ணி நிறைந்த மாடுகள் கொண்டுவரப்பட்டன. வேலியிட்ட ஒரு புலத்தில் அவை உண்ணிகளோடே விடப்பட்டு, நலமுள்ள வட நாட்டு மாடுகளும் அவற்றோடு சேர்க்கப்பட்டன. இரண்டாம் புலத்தில் விடுவதற்கெனச் சில தென்னாட்டு மாடுகளைப் பிடித்து, கண்ணிற் பட்ட உண்ணிகளையெல்லாம் கையாற் களைந்தனர். வாலை வீசி உதைக்கும் மாட்டின் தோலில், கடுங்கோடை வெயிலில் நின்று, மயிரிடை மறைந்த சிறு உண்ணிகளையும் நாள்தோறும் தேடிப் பிடுங்குவது எத்தகைய வேலை என்பதை மாடு வளர்ப்போர் அறிவர். மூன்றாம் புலத்தில் தென்னாட்டு மாடே இல்லை. உண்ணிகள் மட்டும் புல்லில் இடப்பட்டன. முதற் புலத்து வட நாட்டு மாடுகள் நோயுற்று இறந்தன. இரண்டாம் புலத்தவை, தென்னாட்டு மாடுகளுடன் உடன் மேய்ந்தும் உராய்ந்தும், நலமாயிருந்தன. மூன்றாம் புலத்திலோ, தென்னாட்டு மாட்டின் மூச்சும் எச்சிலும் சாணமும் படாத இடத்தில், காய்ச்சல் தோன்றிற்று.

இத்துடன் ஸ்மித் அமைதியடையவில்லை. பின்வந்த கோடைகளிலும் பரிசோதனைகளை மாற்றியும் திருப்பியும் செய்தார். உண்ணியின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கூப்பர் கேற்றிஸ் என்னும் உடன் ஆராய்ச்சியாளரின் வேலையும் இதற்குத் துணையாயிற்று. பருத்த பெண் உண்ணிகளைக் கண்ணாடிப் பாத்திரங்களில் இட்டு, அவை ஆயிரக்கணக்கில் இட்ட முட்டைகளைப் பொரிக்கச் செய்து, எம்மாட்டையும் ஒருபோதும் தீண்டியிராத குஞ்சுகளை நலமுள்ள ஒரு நாகின் மேல் விட்டனர். நாகு காய்ச்சலுற்றது. தாயுண்ணி உண்ட குருதியிலிருந்த கிருமி, அதன் முட்டை வழியாகக் குஞ்சுக்குச் சென்று, குஞ்சு கடிக்கையில் வேறொரு மாட்டைச் சேர்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. கம்ஜி முதலியோரின் தடைக்கு இதுவே விடை. நோய் தோன்ற ஒரு மாதம் செல்வதேன் என்பதும் விளங்கிற்று: தாயுண்ணி விழுந்து, முட்டையிட்டு, முட்டை பொரித்து, குஞ்சு மாட்டில் ஏறும் காலமே அது. உறைபனி உண்ணியை அழிப்பதால் மாரியில் நோயில்லை. சல்மன் வரைந்த நோயெல்லை உண்மையில் உண்ணியின் எல்லையே.

இதற்கிடையில் ஸ்மித் நோயுற்ற மாடுகளின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கி, செங்குழியங்களினுள்ளே பேரிக்காய் வடிவில் இரண்டிரண்டாக அமைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். 1888இல் ருமேனியாவில் விக்ரர் பாபெஸ் இத்தகைய உயிர்களை மாட்டுக் குருதியில் முன்னரே கண்டிருந்தமையால், அவ்வினம் இன்று ‘பபேசியா’ என வழங்குகின்றது. இவை செங்குழியங்களைச் சிதைப்பதாலேயே குருதி நீர்த்துப் போகின்றது, சிறுநீர் சிவக்கின்றது. தென்னாட்டு மாடு நோயுறாமைக்குக் காரணமும் தெளிவாயிற்று. கன்றாயிருக்கும்போதே உண்ணி கடிக்க, இலேசான காய்ச்சலோடு அது தப்பிப் பிழைக்கின்றது. பிழைத்தபின் கிருமியைக் குருதியிற் சுமந்துகொண்டே நலமாய் வாழ்கின்றது. 1893இல் இம்முடிவுகள் யாவும் பணியகத்தின் அறிக்கையாக, ஸ்மித், கில்போர்ண் இருவர் பெயராலும் வெளிவந்தன. கேற்றிஸ் அதற்கு முன்பே மனக்கசப்புடன் பணியகத்தைவிட்டு நீங்கியிருந்தார். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு மூவரிடையேயும் பின்னாளில் எழுந்தது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டாம்.

காரணம் அறிந்தபின் தடுப்பு எளிது என்று எண்ணுவது இயல்பு. நடந்தது வேறு. உண்ணியை ஒழிக்கும் கூட்டுத் திட்டம் 1906இல் தான் தொடங்கிற்று. ஆசனிக்குக் கரைசல் நிரப்பிய ஆழமான தொட்டிகளுள் மாடுகளை இரு வாரங்களுக்கு ஒரு முறை இறக்கி நீந்தச் செய்து மறுகரை ஏற்றுவது அதன் முறை. உண்ணி ஒரு தலைமுறையை முடித்து விழுவதற்கு மூன்று வாரமளவு ஆவதால், இரு வார இடைவெளி தவறாது பின்பற்றப்படின் எந்த உண்ணியும் முட்டையிட உயிரோடிராது. கணக்குச் சரியே, ஆயின் அதனைச் செலுத்தவேண்டியவர் தென்னாட்டின் ஏழைக் குடியானவர். ஐந்தாறு மாடுகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவன், தன் மாடுகள் நோயின்றி இருக்க, எங்கோ விற்கும் பெரும் பண்ணைக்காரனின் ஆதாயத்துக்காக இரு வாரத்துக்கொரு நாள் உழைப்பை இழந்து, அவற்றைத் தேடிப் பிடித்து மைல் கணக்கிற் சாய்த்துச் செல்ல வேண்டியிருந்தது. தொட்டிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அதிகாரிகள் சிலர் கொலையுண்டனர். அக்குடியானவரை வெறும் மூடர் என்று எழுதிய அக்கால அறிக்கைகள் அவர்கள் பக்க நியாயத்தை நோக்கவில்லை. புளோரிடாவிலோ மானிலும் உண்ணி உண்டென்று ஆயிரக்கணக்கான மான்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. பழைய தொட்டிகள் இருந்த நிலங்களில் ஆசனிக்கு நஞ்சு இன்றும் மண்ணிற் காணப்படுகின்றது.

1943இல் ரியோ கிராண்டே ஆற்றங்கரையின் ஒடுங்கிய ஒரு பகுதி தவிர நாடு முழுவதும் மாட்டுண்ணி ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மெக்சிக்கோவிலிருந்து வழிதவறி வரும் மாடுகளைத் தடுக்கும் பொருட்டு அப்பகுதியிற் குதிரைவீரர் இன்றும் காவல் செய்கின்றனர். அண்மைக் காலத்தில் இக்காவலைக் கடந்து உண்ணியைக் கொண்டுபோகும் பிராணிகளுள் ஒன்று, வேட்டைக்கென 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென் ரெக்சாஸ் பண்ணைகளிற் கொண்டுவந்து விடப்பட்ட இந்திய நீலகாய் என்பது வியப்புக்குரியது.

உண்ணியால் மனிதனுக்கும் நோய் வரும் என்பது அடுத்துத் தெரியவந்தது. றொக்கி மலைத்தொடரில், மொன்ரானா மாநிலத்தின் பிற்றர்றூற் பள்ளத்தாக்கில், ஆற்றின் மேற்குக் கரையில் மட்டும், இளவேனிற் காலத்தில் ஒரு கொடுங்காய்ச்சல் தோன்றி, உடலெங்கும் புள்ளிகளை எழுப்பி, பற்றியவருட் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. உருகும் பனிநீரைப் பருகுவதால் வருவதென மக்கள் நம்பினர். சிக்காக்கோவிலிருந்து வந்த ஹவாட் றிக்கெற்ஸ் 1906இல் நோயுற்ற கினிப்பன்றியைக் கடித்த உண்ணியை நலமுள்ள கினிப்பன்றியில் விட்டு நோயை உண்டாக்கிக் காட்டினார். இங்கும் கிருமி முட்டை வழியாகச் செல்வதைக் கண்டார். பின்னர் மெக்சிக்கோ நகரில் தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்று, 1910ஆம் ஆண்டு மே மாதத்தில், 39ஆம் வயதில் அந்நோய்க்கே இரையானார். ‘றிக்கெற்சியா’ என்னும் கிருமியினம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவருக்குப் பின் அப்பள்ளத்தாக்கின் ஹமில்ரன் நகரை அடுத்த, கைவிடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஸ்பென்சர், பாக்கர் என்னும் இருவர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர். கிருமியேறிய உண்ணிகளை அரைத்து, காபோலிக் அமிலத்தாற் கிருமியைக் கொன்று, அச்சாற்றைத் தடுப்பு மருந்தாக்கினர். 1924இல் ஸ்பென்சர் அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். ஆய்வுகூடப் பணியாளர் சிலர் அக்காய்ச்சலால் இறந்தனர். 1928இல் ஹமில்ரனிற் புதிய ஆய்வுகூடம் எழுந்தபோது, உண்ணிகள் தப்பி ஊருக்குள் வந்துவிடும் என்று அயலார் அஞ்சியமையால், கட்டடத்தைச் சுற்றிச் சிறு அகழி ஒன்று அமைக்கப்பட்டது. 1940களின் இறுதியில் வெளிவந்த உயிரெதிரி மருந்துகளே இக்காய்ச்சலின் கொடுமையைத் தணித்தன.

இவ்விருவரும் கண்ட மற்றோர் உண்மை பாதுகாப்புக்கு மிகவும் பயன்படுவது. மாரி முழுதும் பட்டினி கிடந்த உண்ணியின் உடலிலுள்ள கிருமி உறங்கு நிலையில் இருக்கின்றது. உண்ணி சில மணிநேரம் வெப்பக் குருதியை உண்ட பின்னரே அது வலிமை பெறுகின்றது. ஆதலின் காட்டுக்குச் சென்று மீள்வோர் அன்றன்றே அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தலைமயிர் ஆகிய இடங்களைத் தேடி உண்ணியை அகற்றுவாராயின் பெரும்பாலும் தப்பலாம். அகற்றும் முறையும் கவனிக்கத்தக்கது. நெருப்பாற் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் பல நாடுகளிலும் காணப்படும் வழக்கமாயினும், அவற்றால் நன்மையில்லை. துன்புறும் உண்ணி தன் வாய்நீரைக் காயத்திற் கக்கவுங் கூடும். விரலால் நசுக்குவதும் தீது. நுனி மெலிந்த சாவணத்தால் தோலோடு ஒட்டப் பற்றி, முறுக்காமல் நேரே இழுத்து, கையையும் கடிவாயையும் சவர்க்காரமிட்டுக் கழுவுதலே முறை. பின்வரும் நாட்களிற் காய்ச்சலோ தோலிற் படையோ தோன்றின், உண்ணி கடித்ததை வைத்தியரிடம் மறவாது கூறல் வேண்டும். பலர் சொல்லத் தவறுவது அதுவே. 1975இல் அமெரிக்காவின் லைம் என்னும் ஊரிற் பிள்ளைகளின் மூட்டுவீக்கத்தைத் தாய்மார் இருவர் விடாப்பிடியாக முறையிட்டதனாலேயே, லைம் நோய் என்று இன்று அறியப்படும் உண்ணி நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் கிருமியை 1981இற் கண்ட வில்லி பேர்க்டோபர், அகழி சூழ்ந்த அதே ஹமில்ரன் ஆய்வுகூடத்திற் பணியாற்றியவர்.

எல்லா உண்ணி நோய்களுக்கும் இந்த மணிநேரக் கணக்குப் பொருந்தாது. வைரசு நோய்கள் உண்ணி கடித்த சிறிது நேரத்திலேயே பரவ வல்லன. 1937இல் சோவியத் நாட்டின் தூரகிழக்குக் காடுகளில் இத்தகைய மூளைக் காய்ச்சல் ஒன்றை லெவ் சில்பர் தலைமையிற் சென்ற குழு கண்டறிந்தது. அவ்வாண்டிலேயே சில்பர் சிறையிலடைக்கப்பட்டார். அதன் உறவினமான வைரசு ஒன்று இருபது ஆண்டுகளின் பின் தென்னிந்தியாவிற் தலைகாட்டிற்று.

1957ஆம் ஆண்டில், அப்போதைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டிற் குரங்குகள் செத்து விழுந்தன. அயற் கிராமத்தவர் பலர் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உற்று, சிலர் குருதி கசிந்து இறந்தனர். குரங்கும் மனிதனும் ஒருங்கே இறப்பதைக் கேட்ட புனா வைரசு ஆராய்ச்சி நிலையத்தார், ஆசியாவில் என்றுமே காணப்படாத மஞ்சட் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று அஞ்சினர். ரெல்போட் வேர்க், ஹரோல்ட் றப்பிடோ முதலியோர் விரைந்து சென்று நுளம்பைத் தேடினர், கண்டதோ உண்ணி. ரெக்சாஸில் மாடே நோயாளியும் கிருமியின் இருப்பிடமுமாயிற்று. கியாசனூரிலோ காட்டில் மேயும் மாடு நோயுறுவதில்லை. உண்ணிகளுக்கு நிறையக் குருதியளித்து அவற்றின் தொகையைப் பெருக்குவதே அதன் பங்கு. குரங்கு இறந்து வீழ்ந்த இடத்தில், அதன் உடலை விட்டகன்ற உண்ணிகள் தரையெங்கும் பரவி, விறகு பொறுக்கவும் தழை சேர்க்கவும் வருவோரைப் பற்றுகின்றன. நோய் காணும் காலமும் மழை ஓய்ந்து மக்கள் காட்டுக்குட் புகும் மாதங்களே. 1980களின் தொடக்கத்தில், முந்திரித் தோட்டத்துக்கெனக் காடு வெட்டப்பட்ட தென் கன்னட மாவட்டத்தில் நோய் கடுமையாகப் பரவிற்று.

கன்னட மக்கள் இதனை ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய், என்றே அழைப்பர். 1990 முதல் அப்பகுதியில் இடப்பட்டு வந்த தடுப்பூசி போதிய பயன் தரவில்லை எனக் கண்டு 2022இல் நிறுத்தப்பட்டது. நீலகிரி, வயநாடு ஆகிய பகுதிகளிலும் இவ்வைரசு காணப்பட்டுள்ளது. காட்டுக்குச் செல்வோர் கைகால்களில் உண்ணி விரட்டும் தைலம் பூசிச் செல்கின்றனர்; மாலையில் உடலைத் தேடிப் பார்க்கின்றனர். எங்கேனும் ஒரு குரங்கு செத்துக் கிடந்தால், அவ்விடத்தைத் தொடாது சுகாதார அலுவலருக்குச் செய்தி அனுப்ப, அவர்கள் வந்து சுற்றிலும் உண்ணிகொல்லி தூவிச் செல்கின்றனர்.